மேட்டூர் பஸ் தேடிய மணப்பெண்

மைசூரை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், காலைக் காப்பியில் ஆரம்பித்து ராச்சாப்பாடு வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். தபால் பிரிக்கும் வேலையில் என் தலைமுடி நரைத்தது. மய்சூர், மயிசூர், மைஸூறு, மஹிசூர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு புண்ணியவான் ஆங்கிலத்தில் 'மை சார்' என்றே எழுதியிருந்தார். அந்தக் கடிதமும் ஊருக்கு வந்தது. நான் பார்த்துப் போட்டேன், சேர்ந்தது. இந்த நகரத்தில் என் கை படாமல் ஒரு காதல் கடிதம்கூடச் சேர்ந்ததில்லை என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை.

ஓய்வு பெற்ற அன்று சிநேகிதிகள் சேர்ந்து ஒரு பித்தளைத் தட்டு கொடுத்தார்கள். கடைக்காரர் அதில் என் பெயரைப் பொறித்திருந்தார். சொர்ணலதா என்ற நான் அதில் 'ஸ்வரணலட்டா' ஆகியிருந்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதில்தான் இப்போது வடகம் காயப்போடுகிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தம்பி மகள் கல்யாணத்தில் நான் ஓர் எழுத்துக்காகச் சண்டை போட்டேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். எழுத்துக்காக நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. நான் போட்டது வேறு சண்டை.

என் தம்பி பழனி சென்ட்ரிங் கான்ட்ராக்டர். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. மைசூரில் அரண்மனையைத் தவிர மற்ற எல்லாக் கட்டடமும் அவன் முட்டுக் கொடுத்து நின்றதுதான். அவனுக்கு ஒரே மகள். தேன்மொழி என்று பெயர் வைத்தான். பெயர் வைத்தபோதே நான் சொன்னேன், "டேய், இந்த ஊருல ழகரம் வெச்ச பேரு, கல்லு வெச்ச அரிசி மாதிரி. எல்லாரு பல்லுலயும் மாட்டும்." அவன் கேட்கவில்லை. நல்லவேளை.

பள்ளிக்கூடத்தில் அவள் தென்மோலி. கல்லூரியில் தேன்மோஜி. ஏதோ ஓர் அலுவலகத்தில் அவளைத் தேனுமோளி என்று கூப்பிட்டார்கள். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நோயாளிகள் தேனம்மா என்கிறார்கள், மோஜி சிஸ்டர் என்கிறார்கள். குல்லா போட்ட ஒரு தாத்தா தேன்மிட்டாய் என்றே கூப்பிட்டார். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பாள். "வாய்க்கு வர்றத கூப்பிடறாங்க அத்தை, என்னைத்தானே கூப்பிடறாங்க" என்பாள். என் வளர்ப்பு இல்லை அது. அவளாகவே அப்படி.

அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவன் பிரசாந்த். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பையன், கன்னடக் குடும்பம். அவன் அவளைத் தேன்மொளி என்று கூப்பிட்டான். ழகரம் இல்லை, ஆனால் மற்ற எல்லாம் இருந்தது. அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. எங்களுக்கும்தான்.

சிக்கல் அவன் அம்மா கௌரம்மா ரூபத்தில் வந்தது. காவிரிக் கரையில் கரும்பும் நெல்லும் போட்டு, புருஷன் போன பிறகு தனியாக நின்று நடத்துகிற அம்மாள். டிராக்டர் ஓட்டுகிறவர்களையே ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று, கூட வந்திருந்த அவர் தம்பி சுப்பையா ஒரு மூலையில் உட்கார்ந்து பலகாரத்தைக் கவனித்துக்கொள்ள, கௌரம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னடத்தில் விஷயத்துக்கு வந்தார். நான் தமிழில் சொல்கிறேன்.

"எங்க வீட்டுக்கு ஒரு வழக்கம் இருக்கு. என் மாமியார் தார்வாட் பக்கத்துல இருந்து கொண்டு வந்தது. வர்ற மருமகளுக்குப் புதுப் பேரு வைப்போம். தாலிக்கு முன்னாடி தட்டுல பச்சரிசி பரப்பி, மாப்பிள்ளை மோதிரத்தால அந்தப் பேர எழுதி, மூணு தரம் படிக்கணும். அதுக்கப்புறம்தான் தாலி."

"என்ன பேருங்க?" என்று கேட்டான் பழனி. பெண்ணைப் பெற்றவன் குரல் வந்துவிட்டிருந்தது அவனுக்கு. சாதாரணமாக அவன் குரல் மூன்றாம் மாடியில் நிற்கிறவனுக்குக் கேட்கும்.

"மதுவாணி. நானே யோசிச்சேன். மதுன்னா தேன், வாணின்னா மொழி. அர்த்தம் அதேதான். உங்களுக்கும் நஷ்டம் இல்ல, எங்களுக்கும் வாய் நோகாது."

பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில். உண்மையிலேயே அன்பாகத்தான் யோசித்திருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பழனி என்னைப் பார்த்தான். அவன் மனைவி காவேரி அவனைப் பார்த்தாள். தேன்மொழி தரையைப் பார்க்கவில்லை. நேராகக் கௌரம்மாவைப் பார்த்துக் கேட்டாள், "என் பேர மாத்தாம இருந்தா என்ன ஆகும் அத்தெ?"

"யாரும் அப்படி இருந்ததில்ல, கண்ணு" என்றார் கௌரம்மா.

அவர்கள் போனதும் பழனி, "ஆய்த்து, பிடக்கா" என்றான். முடிந்தது, விடு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சமாதானம் எப்போதும் கன்னடத்தில்தான் வரும். "பையன் நல்ல பையன். ஒரு பேருக்காக..."

"உன் பேர யாராவது மாத்தினா விட்டுடுவியா?"

"என்ன எல்லாரும் மேஸ்திரின்னுதான் கூப்பிடறாங்க. நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்."

தேன்மொழி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள், "அப்பா, மேஸ்திரின்னு கூப்பிட்டாலும் சாயங்காலம் நீ பழனியாதான் வீட்டுக்கு வர்ற. நான் எந்த வீட்டுக்குத் தேன்மொழியா போறது?"

தேதி குறித்தாயிற்று. பழனி பத்திரிகை அடிக்கப் போனான். பெண் வீட்டுப் பத்திரிகை எங்கள் பாடு என்பதால் அதில் தேன்மொழி என்றே போட்டோம். அது மேட்டூருக்குப் போயிற்று. காவேரியின் பிறந்த வீட்டார் எல்லாம் அங்கேதான்.

நான் என் போரைத் தொடங்கினேன். எளிமையான போர். அடுத்த முறை கௌரம்மா போன் செய்தபோது, "சொல்லுங்க வெள்ளையம்மா" என்றேன்.

"யாரு?"

"நீங்கதான். கௌரின்னா வெள்ளைனு அர்த்தம். எங்க வாய்க்கு இதுதான் நல்லா வருது. அர்த்தம் அதேதான், நஷ்டம் இல்ல."

அவர் போனைத் தம்பியிடம் நீட்டிவிட்டார். சுப்பையா போனை வாங்கிப் பேச வந்தார். அவரை 'நல்லையா' என்றேன். சுப்பையாவில் சுப்பு இருக்கிறது, சுப்பில் சுபம் இருக்கிறது என்று நானே ஒரு பாதை போட்டுக்கொண்டேன். தப்பாகவே இருக்கட்டும். பிரசாந்தை 'அமைதி மாப்பிள்ளை' என்றேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தை 'திருவரங்கநகர்' ஆக்கினேன். மைசூரை அதற்கும் முன்னால் 'எருமையூர்' ஆக்கிவிட்டிருந்தேன், மகிஷாசுரன் பெயரில் வந்த ஊர்தானே. பழைய தமிழில் அப்படி ஒரு பெயரே உண்டு என்பார்கள். "எருமையூர்ல இருந்து வெள்ளையம்மாவுக்கு நமஸ்காரம்" என்று வாட்ஸப்பில் தினமும் காலை வணக்கம் போட்டேன், ரோஜாப்பூப் படத்தோடு.

கௌரம்மா நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே, "பீகரே, இது நல்லா இல்ல" என்றார். சம்பந்தி என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எது நல்லா இல்ல, பேரா?"

"என் பேரு கௌரம்மா. அப்படித்தான் கூப்பிடணும்."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்."

"அது வேற, இது வேற. கல்யாணம் ஆனா பேரு மாறும். எனக்கும்தான் மாத்தினாங்க. நான் அழுதேனா?"

"அழலையா?"

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். ஜன்னலைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிதான்.

"அப்ப உங்க பழைய பேரு என்ன?" என்று கேட்டேன்.

"மாடு கன்னு போடற நேரம். போகணும்" என்று எழுந்துவிட்டார். நானும் விடவில்லை, வாசல் வரை போய்க் கேட்டேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

போகும்போது மட்டும் திரும்பி நின்று, "அரிசியில மதுவாணின்னு எழுதாம அந்தத் தாலி கட்டப்படாது. என் மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மறுவாரம் பிரசாந்த் வந்தான். நான் அவனுக்கு இட்லியும் கஷ்டமும் சேர்த்துக் கொடுத்தேன்.

"அத்தெ, அம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா தேனு கேப்பா."

"நான் எதுக்கு சொல்லணும், அமைதி?"

"அத விடுங்க அத்தெ. பேரு எங்க மாறினாலும் நான் தேனுன்னுதான் கூப்பிடுவேன். சத்தியமா."

"ரேஷன் கார்டுல மதுவாணி, உன் வாயில தேனு. அப்ப தேன்மொழி எங்கப்பா இருப்பா? வாடகைக்கு வீடு பாக்கணுமா அவளுக்கு?"

அவன் இட்லியைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான், "எனக்கு அந்தக் கடைசி எழுத்து சரியா வராது அத்தெ. அம்மாவுக்கு சுத்தமா வராது. தப்பா கூப்பிட்டா அவளுக்குக் கஷ்டம்னுதான் அம்மா..."

"தப்பா கூப்பிடு. இந்த ஊரே அவள தப்பாத்தான் கூப்பிடுது. உங்க பழைய கன்னடத்துலயும் அந்த எழுத்து இருந்துச்சாம், நடுவுல தொலைச்சுட்டீங்க. பரவாயில்ல, ளகரம் போட்டு எழுது, லகரம் போட்டு எழுது, வாய் எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும் போ. தப்பா கூப்பிடறது வேற. வேறயா கூப்பிடறது வேற."

என் வீட்டுச் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள் தேன்மொழி. மிக்ஸி நின்றது. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பிரசாந்த், நான் அத்தைய வெச்சுப் பேசல. நானே சொல்றேன். உன்னக் கட்டிக்க எனக்கு ஆசை. உங்க அம்மாவோட இருக்கவும் சம்மதம். ஆனா அந்தத் தட்டுல மதுவாணின்னு நீ எழுத ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன். நீ அரிசிக்கே தாலி கட்டிக்கோ."

அவன் என்னைப் பார்த்தான். நான் சட்னியைப் பார்த்தேன். இதைவிடப் பிரமாதமாக என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

"நான் அம்மாகிட்ட பேசறேன்" என்று போனான். பேசியிருப்பான். கௌரம்மாவிடம் பேசுவது கேஆர்எஸ் அணையிடம் பேசுவது மாதிரி. கதவை அவர்களாகத் திறந்தால்தான் உண்டு.

கல்யாணம் ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் ஒரு மண்டபத்தில். ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக இரண்டு ஹால்கள், சொந்தக்காரர் ஒருவரே. கௌரம்மாவுக்குத் தெரிந்தவர். முதல்நாள் மாலையே நாங்கள் போய் இறங்கிவிட்டோம். எதிர் ஹாலிலும் மறுநாள் ஒரு கல்யாணம்.

காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் எங்கள் ஹால் முகப்பில் ஒரு பேனர். சாமுண்டி மலையே மறைந்துவிடும், அவ்வளவு பெரிசு. பிரசாந்தும் தேன்மொழியும் சிரிக்கிற படம். அதன் கீழே 'பிரசாந்த் – மதுவாணி'. கன்னடத்தில், ஆங்கிலத்தில், அதற்கும் கீழே தமிழில். பெண் வீட்டாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கௌரம்மா காசு கொடுத்துத் தமிழிலும் போட்டிருந்தார். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. தமிழ் என்றால் அப்படி ஒரு தமிழ்.

தேன்மொழி தலையில் பூவோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். "நல்லா இருக்கு. யாரோ மதுவாணிக்குக் கல்யாணம்" என்றாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் மருதாணி, முகத்தில் முடிவு. காவேரி அழ ஆரம்பித்தாள். பழனி மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கலங்கினால் அப்படித்தான் செய்வான்.

முகூர்த்தம் நெருங்கியது. மாப்பிள்ளை பக்கம் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. எங்கள் பக்கம் நான், பழனி, எங்கள் தெருவார் கொஞ்சம் பேர், அப்புறம் காலி நாற்காலிகள். மேட்டூர் பஸ் வரவில்லை. அதில்தான் காவேரியின் அண்ணன் கணேசன் வரவேண்டும். தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்து வராமல் எங்கள் பெண்கள் மேடை ஏறுவதில்லை. சீர்த்தட்டுகளும் அந்த பஸ்ஸில்தான்.

காவேரி போன் போட்டாள். ஸ்பீக்கரில் கணேசன் குரல், பின்னால் நாதஸ்வரம்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"வந்து எந்நேரமாச்சு அம்மிணி. சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். கேசரி அருமைங்கறேன். நீ எங்க, கண்ணுலயே படல?"

"இங்க பந்தியில யாருமே இல்லையேண்ணா."

"எல்லாருமே பந்தியிலதான் இருக்கோம். உங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தங்கமானவங்க, கையப் புடிச்சு உக்கார வெச்சாங்க. சீர்த்தட்டையும் மேடையில வெச்சாச்சு." வாயில் ஏதோ போட்டுக்கொண்டார். போன் கட்டாகிவிட்டது.

காவேரி வெறும் பந்தியைப் பார்த்தாள். நான் எதிர் ஹாலைப் பார்த்தேன். எதிர் ஹால் பேனர் கன்னடத்தில் மட்டும் இருந்தது, படம் கிடையாது, பூ அலங்காரம் மட்டும். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேட்டூர் பஸ் வந்து நின்றிருக்கிறது. கணேசன் இறங்கி எங்கள் பேனரைப் படித்திருக்கிறார். சுத்தமான தமிழில் மதுவாணி. படம் மேக்கப்பில் இருக்கிறது, அது தங்கச்சி மகளா சினிமாக்காரியா என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. 'இது நம்ம கல்யாணம் இல்ல' என்று முடிவு கட்டியிருக்கிறார். எதிரே இருப்பதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தது நம்முடையது இல்லை என்றால், படிக்கத் தெரியாததுதான் நம்முடையது. மொத்த பஸ்ஸும் சீர்த்தட்டோடு அதற்குள் போய்விட்டது.

கௌரம்மா என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பீகரே, உங்க ஜனம் எங்க? மேடை காலியா இருக்கு. எங்க ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்க?"

"எதிர் ஹால்ல சாப்பிடறாங்க."

"எதுக்கு?"

"மதுவாணின்னு ஒருத்திய அவங்களுக்குத் தெரியாதே."

அவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போய்க் கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்."

"எனக்கு முட்டி வலி" என்றேன். "அந்த ஹால்காரங்க உங்களுக்குத்தானே தெரிஞ்சவங்க."

அந்த நிமிஷம் என் முட்டியில் ஒரு வலியும் இல்லை. கௌரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே நான் எதிர் ஹால் வாசல் வரை ஓடினேன் என்பதே அதற்குச் சாட்சி.

எதிர் ஹால் பந்தியில் யார் எங்கள் ஆள், யார் அவர்கள் ஆள் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. எல்லாரும் புதுத்துணி, எல்லார் இலையிலும் கேசரி. நாதஸ்வரம் வேறு. கௌரம்மா நடுவில் நின்றார்.

"மதுவாணி கடெயவரு யாரு இருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டார். மதுவாணி பக்கத்து ஆட்கள் யார் என்று.

ஒருவரும் தலை நிமிரவில்லை. யாரோ ஒருவர் சாம்பார் கேட்டார்.

"மதுவாணி மதுவெக்கு வந்தவரு." மதுவாணி கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

இந்த முறை ஒரு பாட்டி நிமிர்ந்து, "அது எதுத்தாப்பல, அம்மா. நாங்களும் அங்க போயிட்டுத்தான் வந்தோம்" என்று தமிழில் வழி சொன்னார்.

கௌரம்மா திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலை அசைக்கவில்லை, சைகை காட்டவில்லை. தூணில் சாய்ந்து நின்றேன். முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூச்சை இழுத்தார். வயலில் அடுத்த கரைக்குக் கூப்பிடுகிற குரல் அது. கரும்பு அறுக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"தேன்மொளி. தேன்மொளி கடெயவரு. தேன்மொளி மதுவெ."

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்தார்கள். வேட்டி, சேலை, குழந்தை, எச்சில் கை. மைசூரே எழுந்தது என்பேன், நீங்கள் குறைத்துக்கொள்ளுங்கள். கணேசன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தேன்மொழி நம்ம பொண்ணுதானுங்க. நான் அவ மாமன். ஏனுங், என்ன ஆச்சு?"

"பன்னி, பன்னி" என்று கௌரம்மா இரு கையாலும் வாசலைக் காட்டினார். வாருங்கள் என்று அர்த்தம். கணேசன் ஒரு கணம் நின்றார். அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு மரியாதை. பிறகு மேடையில் ஏறி, அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளையின் காலடியிலிருந்து சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மாப்பிள்ளைக்கு வருத்தம்தான். முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காம்பவுண்டைக் கடந்து ஊர்வலமாக வந்தோம். கௌரம்மா முன்னால், தொண்டை கட்டிப்போய்.

கணேசன் மாலை போட்டுத் தேன்மொழியை மேடைக்கு அழைத்து வந்தார். சுப்பையா தயாராக இருந்தார். வெள்ளித் தட்டில் பச்சரிசி பரப்பி, மோதிரத்தைப் பிரசாந்த் கையில் கொடுத்தார். பிரசாந்த் அம்மாவைப் பார்த்தான்.

"எழுது" என்றார் கௌரம்மா. எதை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

தேன்மொழி எழுந்து போகவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துப் புடவையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தேன். அவள் கை நீட்டி, பிரசாந்த் கையிலிருந்து மோதிரத்தை வாங்கினாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து அரிசியில் எழுத ஆரம்பித்தாள். தமிழில். தே. அப்புறம் ன்.

"ஏய், மாப்பிள்ளைதான் எழுதணும், அது சாஸ்திரம்" என்றார் சுப்பையா.

"அவருக்குத் தமிழ் எழுத வராது மாமா. நான் முடிச்சுட்டுக் கொடுக்கறேன்."

"அந்தப் பேரு இல்ல கண்ணு" என்றார் கௌரம்மா. குரல் உடைந்து, காற்றுதான் வந்தது. "நான் வாக்குக் கொடுத்தது வேற. எனக்கு இது வாயில வராது. வீட்டுல எப்படிக் கூப்பிடுவேன்?"

"இப்பத்தான் கூப்பிட்டீங்க, அத்தெ. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"அது அவசரத்துக்கு."

"அந்த அவசரக் கூப்பாடே எனக்குப் போதும். நான் அதுக்கு வருவேன். மதுவாணின்னு நீங்க நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க. யாரையோ கூப்பிடறீங்கன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன், எங்க மாமன் மாதிரி."

மேட்டூர்க்காரர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கணேசன் திரும்பிப் பார்த்து அடக்கினார். பழனி தூணை விட்டு மேடையருகே வந்து நின்றான். மகளுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. அவன் முட்டுக் கொடுத்து நான் பார்த்ததிலேயே நல்ல முட்டு அதுதான்.

அவள் எழுதிக்கொண்டே போனாள். பெரிய பெரிய எழுத்தாக. 'மொ' வந்தபோதே தட்டின் ஓரம் வந்துவிட்டது. 'ழி'க்கு இடமில்லை, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று மோதிரத்தைப் பிரசாந்திடம் நீட்டினாள்.

"இதுக்குக் கீழ நீ எழுது. உனக்குத் தெரிஞ்ச எழுத்துல, உனக்கு வர்ற மாதிரி. பேரு மட்டும் இதுதான்."

பிரசாந்த் மோதிரத்தை வாங்கினான். இந்தத் தடவை அம்மாவைப் பார்க்கவில்லை. அரிசிமேல் குனிந்தான். "இடம் இல்லையே தேனு, உன்னுதே இன்னும் முடியல" என்றான்.

எல்லாரும் கௌரம்மாவைப் பார்த்தோம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மாமியார் எழுதவைத்த தட்டும் அந்த வெள்ளித் தட்டுதானா என்று எனக்குத் தெரியாது. முகூர்த்தம் முடியப்போகிறது என்று புரோகிதர் கனைத்தார்.

"சுப்பையா," என்றார் கௌரம்மா, கட்டிப்போன தொண்டையோடு, "சமையல்கட்டுல போய்ப் பெரிய தாம்பாளமா ஒன்னு எடுத்துட்டு வா. அரிசியும் இன்னொரு படி கொண்டா. எழுத ஆரம்பிச்சுட்டா, பாதியில நிறுத்தற பொண்ணு இல்ல இது."